வேதாகமத்தை எந்த மனதோடு திறக்கிறோம்?



செப்டம்பர் மாதம் நம் தஞ்சைத் தரணியில் இரண்டு வேலைகள் ஒருசேர நடக்கும் மாதம். ஒரு பக்கம் குறுவை அறுப்பு. மறுபக்கம் சம்பாவுக்கு நாற்றங்கால். ஒருவருடைய களத்தில் நெல் குவிகிறது. அடுத்தவருடைய சேற்றில் விதை விழுகிறது. இந்த மாதத்தின் கடைசி நாளாகிய 30-ந் தேதியில்தான் நம் தாயாகிய திருச்சபை அர்ச். எரோணிமுஸ் என்னும் வேதபாரகரின் திருநாளைக் கொண்டாடுகிறது. இவர் எபிரேயத்திலும் கிரேக்கத்திலும் இருந்த வேதாகமத்தை லத்தீன் மொழிக்குக் கொண்டுவருவதில் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர். சேசுநாதர் பிறந்த பெத்லேகமிலேயே தங்கியிருந்து, கி.பி. 420-ம் ஆண்டில் அங்கேயே உயிர் நீத்தவர். வேதாகமத்தை அறியாதவன் கிறிஸ்துவையே அறியாதவன் என்பது அவர் நமக்கு விட்டுச்சென்ற போதனை.

ஓவியர்கள் இந்த அர்ச்சியசிஷ்டவரை வரையும்போது, பெரும்பாலும் அவர் முன் திறந்த புத்தகத்தையும் கையில் ஒரு கல்லையும் வரைவார்கள். அந்தக் கல் எதற்கு? தம் மார்பில் அடித்துக்கொள்வதற்கு. எரோணிமுஸ் மகா கல்விமான். ஆனால் கோபக்காரர், நாவு கூர்மையானவர். தம்மோடு மாறுபட்டவர்களை எழுத்தில் அவர் விட்டுவைத்ததில்லை. தம் குறையை அவரே அறிந்திருந்தார். ஆகவேதான் அவரது படத்தில் புத்தகமும் கல்லும் சேர்ந்தே இருக்கின்றன. புத்தகத்தைத் திறந்தவர் கல்லை எவர்மேல் எறிவது, எவர் மார்பில் அடிப்பது என்பதே இன்று நாம் சிந்திக்க வேண்டிய காரியம்.

அண்மையில் வீடுகளை மந்திரிக்கச் சென்றபோது நான் கண்ட இரண்டு வீடுகளைப்பற்றிச் சொல்லுகிறேன். அவை யார் வீடு என்று தேடவேண்டாம். பல வீடுகளில் கண்டதைச் சேர்த்தே இரண்டாகச் சொல்லுகிறேன்.

முதல் வீட்டில் கண்ணாடி அலமாரியின் நடுத்தட்டில் தேவமாதாவின் சுரூபம். அதனருகே அழகான தடித்த வேதாகமம். கலியாணத்தன்று கிடைத்த பரிசு. கலியாணமாகிப் பதினொரு வருடம் ஆகிறது. புத்தகத்தின்மேல் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்கப்படவில்லை. "ஏனம்மா, பிரிக்கவேயில்லையா?" என்று கேட்டேன். "அழுக்காயிடும் சாமி" என்றாள் அந்த வீட்டு அம்மாள். அவள் பொய் சொல்லவில்லை. புத்தகத்தின்மேல் அவளுக்கு உண்மையான பக்தி இருக்கிறது. தூசு படாமல் துடைக்கிறாள். அதன்முன் விளக்கும் வைக்கிறாள். ஆனால் அதற்குள்ளிருந்து ஒருவர் தன்னோடு பேசக் காத்திருக்கிறார் என்பதை அவளுக்கு எவரும் சொல்லவில்லை. அது அவள் குற்றத்தைவிட எங்கள் குற்றமே அதிகம்.

இரண்டாம் வீட்டில் நிலைமை நேர்மாறு. அங்கே உள்ள வாலிபன் நன்றாகப் படித்தவன். நகரத்தில் வேலை பார்க்கிறான். வேதாகம வகுப்பு ஒன்றுக்குப் போய்வருகிறான். அவனுடைய புத்தகத்தில் சிவப்பும் பச்சையுமாகக் கோடு போடாத பக்கமில்லை. அதிகாரமும் வசனமும் நாவின் நுனியில் நிற்கின்றன. எனக்கு உள்ளபடியே சந்தோஷமாயிருந்தது. பிறகு அவன் தாயாரைத் தேடினேன். வீட்டுக்குள் அவளைக் காணோம். கொல்லையில் மாட்டுக்கொட்டகையில் உட்கார்ந்து செபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள். "உள்ளே சொன்னால் மகன் வசனம் காட்டுகிறான் சாமி, எனக்கோ பதில் சொல்லத் தெரியவில்லை" என்றாள். மூன்று மாதமாக அந்த வீட்டில் குடும்பச் செபம் இல்லை. ஒரே அடுப்பில் சமைத்த சோற்றைத் தாயும் மகனும் வெவ்வேறு நேரத்தில் சாப்பிடுகிறார்கள்.

பிரியமானவர்களே! ஒரு வீட்டில் வேதாகமம் திறக்கப்படவேயில்லை. மறு வீட்டில் திறந்தபடியே இருக்கிறது. ஆயினும் இரண்டு வீட்டிலும் குறைவுபடுவது ஒன்றுதான். சர்வேசுரன் என்னோடு பேசுகிறார், என்னைத் திருத்தப்போகிறார் என்ற எண்ணம் முதல் வீட்டில் இன்னும் பிறக்கவில்லை; இரண்டாம் வீட்டில் அந்த எண்ணம், அவர் பிறரைத் திருத்தும்படி என்னை அனுப்பியிருக்கிறார் என்பதாக மாறிவிட்டது.

மற்றவர்களைப்பற்றிச் சொல்லிவிட்டு என்னைப்பற்றிச் சொல்லாமல் போனால் அது நியாயமாகாது. குருப்பட்டம் பெற்ற புதிதில் நான் வேறொரு பங்கில் உதவிக் குருவாக இருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை விதைப்பவன் உவமையைப்பற்றிப் பிரசங்கம். குருமடத்தில் படித்ததையெல்லாம் கொட்டினேன். கிரேக்கப் பதம் என்ன, எந்தச் சுவிசேஷகர் எதை மாற்றிச் சொன்னார் என்றெல்லாம் அரை மணி நேரம் பேசினேன். பூசை முடிந்து வெளியே வந்தபோது, நடவு வேலைக்குப் போகும் ஒரு வயதான அம்மாள் என்னிடம் வந்து, "சாமி, ஒரு சந்தேகம். வெத நெல்ல யாராச்சும் பாதையிலயும் பாறையிலயும் போடுவாங்களா? அப்படிப் போட்டா எங்க வயக்காரரு மறுநாளு வேலைக்கே கூப்பிட மாட்டாரே" என்று கேட்டாள்.

சுற்றிலும் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. "அம்மா, சேசுநாதர் சுவாமி சொன்னதில் குறை கண்டுபிடிக்க வேண்டாம், விசுவசித்தால் போதும்" என்றேன். அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு போய்விட்டாள். குருவானவரின் வார்த்தையல்லவா? எதிர்த்துப் பேச முடியுமா? வேதாகமத்தின் பேராலேயே ஓர் ஏழையின் வாயை நான் அடைத்துவிட்டேன்.

அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. அவள் கேட்டதில் என்ன தவறு? நம் நாட்டில் ஓர் ஏக்கர் நடவுக்கு எட்டு சென்ட் நாற்றங்கால் போதும். அதைப் பரம்படித்துச் சமன்செய்து, முளைகட்டிய விதை ஒன்றுகூட வீணாகாமல் தெளிப்போம். கடைமடைப் பகுதியில் நேரடி விதைப்பு நடந்தாலும், வரப்பில் விதை விழாதபடி பார்த்துக்கொள்வோம். பாலஸ்தீன நாட்டு நிலமோ வேறு. மழையை நம்பிய மானாவாரி. சுண்ணாம்புப் பாறையின்மேல் மெல்லிய மண் படிந்த சரிவுகள். வயலின் ஊடே ஜனங்கள் நடந்துபோகும் ஒற்றையடிப் பாதைகள். விதைப்பவன் கை நிறைய அள்ளி வீசிக்கொண்டே நடப்பான். அது எங்கும் விழும். அவ்வளவு நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டது. ஆனால் அவள் கேள்வி அதைவிட ஆழமானது. அத்தனை நிலத்திலும் கணக்குப் பாராமல் விதையை வீசுகிறவர் யார்? பயன் தராது என்று தெரிந்த இடத்திலும் அள்ளிக் கொடுக்கிறவர் யார்? உவமையின் வாசற்படி அந்தக் கேள்விதான். படித்த நான் அதைக் காணவில்லை. கையெழுத்துப் போடத் தெரியாதவள் கண்டுவிட்டாள். விதை விழுந்தும் உள்ளே இறங்காத பாதை அன்று நானேதான். பல காலம் மிதித்து மிதித்துக் கெட்டிப்பட்ட மண்!

அடுத்த வாரம் அவள் குடிசைக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன், தெரிந்ததைச் சொன்னேன். அவள் சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, "அப்போ பாறைன்னு தெரிஞ்சும் சாமி வெதைக்கிறாருன்னா, எம் மவன் பக்கமும் ஒரு வெத விழும் இல்ல?" என்றாள். குடியினால் வீட்டைவிட்டுப் போய்விட்ட மகன் அவளுக்கு இருந்தான் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அவள் கேட்டது குறை காண்பதற்காக அல்ல. தன் மகனுக்காகவே கேட்டாள். அன்றுமுதல் அந்த உவமையை வாசிக்கும்போதெல்லாம் அவள் முகமே எனக்கு முன்னே வந்து நிற்கிறது.

இனி வேதாகமமே இதைப்பற்றி என்ன போதிக்கிறது என்று பார்ப்போம். வசனம் தெரிந்திருப்பது மட்டும் போதுமா? வனாந்தரத்தில் நம் ஆண்டவரைச் சோதித்த பசாசுக்கும் வசனம் தெரிந்திருந்தது. தேவாலயத்தின் உச்சியில் அவரை நிறுத்தி, பழைய கணக்கில் 90-ம் சங்கீதமாகவும் இன்றைய கணக்கில் 91-ம் சங்கீதமாகவும் உள்ள சங்கீதத்தையே எடுத்துச் சொல்லிற்று. சேசுநாதர் மூன்று சோதனைக்கும் உபாகமத்திலிருந்தே மறுமொழி சொன்னார். வசனம் இரண்டு பக்கமும் இருந்தது. வித்தியாசம் எங்கே? பசாசு தன் எண்ணத்திற்கு வசனத்தை வளைத்தது. சேசுநாதரோ வசனத்தின்முன் தம்மையே பிதாவுக்குக் கீழ்ப்படுத்தினார்.

அர்ச். மத்தேயு எழுதிய சுவிசேஷத்தின் இரண்டாம் அதிகாரத்தைப் பாருங்கள். கிழக்கிலிருந்து ஞானிகள் வந்து, பிறந்திருக்கும் இராஜா எங்கே என்று கேட்கிறார்கள். ஏரோது வேத அறிஞர்களை அழைத்து விசாரிக்கிறான். அவர்கள் தயங்கவேயில்லை, மிக்கேயாஸ் தீர்க்கதரிசியை எடுத்து, பெத்லேகம் என்று சரியாகச் சொல்லிவிட்டார்கள். ஜெருசலேமிலிருந்து பெத்லேகம் ஏறக்குறைய ஆறு மைல்தான். ஆயினும் அவர்களில் ஒருவராவது எழுந்து போனதாகச் சுவிசேஷம் சொல்லவில்லை. வேதம் இல்லாத ஞானிகள் வெகுதூரம் நடந்து வந்து தெண்டனிட்டார்கள். வேதம் உள்ளவர்களோ சரியான விடையைச் சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். ஐயோ! எவ்வளவு பயங்கரமான காரியம்! எனக்குச் சுவிசேஷத்தில் மிகவும் அச்சம் தரும் இடங்களில் இது ஒன்று.

இதற்கு எதிரானது அப்போஸ்தலர் நடபடி எட்டாம் அதிகாரத்தில் வரும் எத்தியோப்பிய அதிகாரி. அவன் ஓர் அரசியின் பொக்கிஷதாரன்; பெரிய உத்தியோகஸ்தன். இரதத்தில் உட்கார்ந்து இசையாஸ் ஆகமத்தை வாய்விட்டு வாசிக்கிறான். பிலிப்பு என்பவர் ஓடிவந்து, வாசிப்பது விளங்குகிறதா என்று கேட்கிறார். அவனுக்குக் கோபம் வரவில்லை. ஒருவர் வழிகாட்டாவிட்டால் எனக்கு எப்படி விளங்கும் என்கிறான். அந்த வழிப்போக்கரை இரதத்தில் ஏற்றித் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்கிறான். அன்றே ஞானஸ்நானமும் பெறுகிறான். வேதாகமம் வாசிக்கிறவனுக்குத் தகுந்த மனம் இதுவே: கேட்கத் தயங்காத மனம், கேட்டபின் எழுந்து நடக்கும் மனம்.

இந்தப் பாடத்தைக் கற்றுக்கொள்ள நாம் எத்தியோப்பியாவரை போகவேண்டியதில்லை. நம் காவிரிக் கரையிலேயே அதற்குச் சரித்திரம் உண்டு. 1706-ம் ஆண்டு ஜூலை 9-ந் தேதி, டேனிஷ்காரர்களின் கோட்டையிருந்த தரங்கம்பாடியில் சீகன்பால்க் என்னும் லுத்தரன் சபைப் போதகர் வந்து இறங்கினார். வயது ஏறக்குறைய 24. கல்லூரியில் படித்த அவர், ஒரு திண்ணைப் பள்ளி ஆசிரியரை அழைத்துவந்து, சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதிப் பழகினார். டேனிஷ் கவர்னரே அவரைச் சில மாதங்கள் சிறையில் வைத்திருந்தார். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-ல் தரங்கம்பாடியில் அச்சாகி முடிந்தது. இந்திய மொழிகளில் அச்சான முதல் புதிய ஏற்பாடு அதுவே. 1719-ல் 36 வயதில் அவர் அங்கேயே இறந்தார்.

அதே காலத்தில் கொள்ளிடத்திற்கு வடக்கே ஏலாக்குறிச்சியில் நம்முடைய வீரமாமுனிவர் உழைத்துக்கொண்டிருந்தார். இத்தாலி நாட்டில் 1680-ல் பிறந்த அவரும் தமிழ்ப் புலவர்களிடம் மாணவராக அமர்ந்து கற்றார். அர்ச். சூசையப்பரின் சரித்திரத்தை 3615 பாடல்களில் தேம்பாவணியாக 1726-ல் பாடி முடித்தார். உபதேசியார்களுக்கென்று வேதியர் ஒழுக்கம் எழுதினார். தரங்கம்பாடியாருக்கு மறுப்பாக வேத விளக்கமும் எழுதினார். அந்தப் பக்கத்தாரும் சும்மா இருக்கவில்லை. ஒரே ஆற்று நீரைக் குடித்து, ஒரே ஆண்டவருக்காகத் தங்கள் தேசத்தையும் உறவையும் துறந்து வந்தவர்கள், ஒரே வேதாகமத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் கண்டித்து எழுதினார்கள். அக்காலத்தின் வழக்கம் அது. அவர்கள் பேசிய சத்தியங்கள் அற்பமானவையல்ல. இன்றும் நாம் அவற்றில் விட்டுக்கொடுப்பதில்லை. ஆனால் இன்று அவர்களைப் படிக்கும்போது நம் உள்ளத்தைத் தொடுவது எது? கண்டனக் கட்டுரைகளா? மணலில் பிள்ளைகளோடு எழுதிய விரலும், சூசையப்பரின் மேல் வைத்த அன்பினால் பாடிய பாட்டும் அல்லவா?

நம் பக்கத்திலும் குறைவு இருந்ததைச் சொல்லத்தான் வேண்டும். தமிழில் முதல் முதல் அச்சான நூல்களில் ஒன்று நம்முடைய தம்பிரான் வணக்கம். 1578-ல் கொல்லத்தில் அச்சானது. ஞானோபதேசத்தில் நாம் பின்தங்கவில்லை. ஆனால் வேதாகமத்தை வீட்டில் வைத்து வாசிக்கும் பழக்கம் வெகுகாலம் நம் குடும்பங்களில் வளரவில்லை. 1960-களின் நடுப்பகுதி வரையில் பூசையும் லத்தீனில்தான் நடந்தது. நம் பாட்டன் பாட்டிமார் வேதாகமத்தைக் காதால் கேட்டார்கள்: தவசுகாலத்து வியாகுலப் பிரசங்கத்தில், பாஸ்கு நாடகத்தில், செபமாலையின் தேவ இரகசியங்களில். அதை எவரும் இகழவேண்டாம். மாட்டுக்கொட்டகையில் அந்தத் தாய் சொல்லுகிற அருள்நிறை மந்திரத்தின் முற்பாதி, அர்ச். லூக்காஸ் சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்திலிருந்து எடுத்ததே. அவள் அறியாமலேயே நாளொன்றுக்கு ஐம்பது முறைக்குமேல் சுவிசேஷம் சொல்லிவருகிறாள். (தாய்மாரே, இதைக் கேட்டு மகனோடு வாதாடப் புறப்பட்டுவிடாதீர்கள்! நான் இத்தனை நேரம் சொன்னதெல்லாம் வீணாய்ப் போகும்.)

1965-ம் ஆண்டு நவம்பர் 18-ந் தேதி இரண்டாம் வத்திக்கான் பொதுச் சங்கம், தேவ வெளிப்படுத்தலைப்பற்றிய ஏட்டை வெளியிட்டது. விசுவாசிகள் எல்லோருக்கும் வேதாகமம் எளிதில் கிடைக்கவேண்டும் என்றும், வாசிப்போடு செபமும் சேரவேண்டும் என்றும், அவசியமானால் பிரிந்த சகோதரரோடு சேர்ந்தும் மொழிபெயர்க்கலாம் என்றும் அது போதித்தது. அதன் பலனாக 1995-ல் திருவிவிலியம் என்ற பொது மொழிபெயர்ப்பு தமிழில் வெளிவந்தது. கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து உட்கார்ந்து செய்த வேலை அது. தரங்கம்பாடி அச்சுக்கூடத்திலிருந்து அதற்கு 280 ஆண்டுகள் ஆயின. எதிரெதிரே நின்ற புத்தகங்கள் ஒரே மேசைக்கு வந்துசேர அவ்வளவு காலம் பிடித்தது. அந்த மேசையை நம் வீட்டில் மறுபடியும் இரண்டாக உடைக்கலாமா?

அப்படியானால் எந்த மனதோடு திறப்பது? நம் வயல்வேலையைக்கொண்டே சொல்லுகிறேன்.

முதலாவது, ஊறவைக்கும் மனம். விதைநெல்லை மூட்டையிலிருந்து எடுத்த உடனே சேற்றில் தெளிக்கிறோமா? ஒரு நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, வடித்து, ஈரச் சாக்கில் கட்டி இன்னொரு நாள் இருட்டில் வைத்து, வெள்ளை முளை எட்டிப்பார்த்த பிறகே தெளிக்கிறோம். வாசித்த வசனத்தை அன்றே பிறர்மேல் வீசுகிறவன் முளைகட்டாத விதையை வீசுகிறான். தேவமாதா தாம் கண்டதையும் கேட்டதையும் தம் இருதயத்தில் வைத்துச் சிந்தித்தார்கள் என்று அர்ச். லூக்காஸ் இரண்டு முறை எழுதியிருக்கிறார். ஒரு வசனம் உங்களை இரண்டு நாளாவது தொந்தரவு செய்யட்டும். அதன்பிறகு வேண்டுமானால் பிறரிடம் பேசுங்கள்.

இரண்டாவது, வாய்க்காலை மதிக்கும் மனம். குடகில் பிறக்கும் காவிரி நேராக உங்கள் வயலுக்கு வருவதில்லை. மேட்டூரில் தேங்கி, கல்லணையில் பிரிந்து, வெண்ணாறாகவும் புது ஆறாகவும் ஓடி, கிளை வாய்க்கால் வழியாக உங்கள் மடைக்கு வருகிறது. வாய்க்கால் எனக்கு எதற்கு என்று சொல்லுகிறவனுடைய வயல் காயும். வேதாகமமும் அப்படியே. இன்னின்ன ஆகமங்கள்தான் வேதாகமம் என்று 393-ல் ஹிப்போவிலும் 397-ல் கார்த்தேஜிலும் கூடிய சங்கங்கள் எண்ணிச் சொல்லின. 1546-ல் திரிதெந்தீன் பொதுச் சங்கம் அதை உறுதிப்படுத்திற்று. அந்த 73 ஆகமங்களையும் திருச்சபைதான் காத்து நம் கையில் கொடுத்தது. ஆகையால் ஒரு வசனம் விளங்காவிட்டால், அல்லது திருச்சபையின் போதனைக்கு மாறாகத் தோன்றினால், முழு அதிகாரத்தையும் வாசியுங்கள். முன்னும் பின்னும் பாருங்கள். யாத்திராகமம் 20-ம் அதிகாரத்தில் உருவங்களைச் செய்யாதே என்று கண்டவன், அதே ஆகமத்தின் 25-ம் அதிகாரத்தில் பொன்னால் இரண்டு கெருபீன்களைச் செய்யச் சர்வேசுரனே கட்டளையிட்டதையும் காணட்டும். பிறகும் சந்தேகமிருந்தால் வந்து கேளுங்கள். குருவானவர் கோபித்துக்கொண்டால், இந்தப் பக்கத்தை எடுத்து அவருக்கே காட்டுங்கள். வாய்க்காலிலும் தூர் அடையும். தூர் வாருவது எங்கள் கடமை.

மூன்றாவது, தன் வயலைப் பார்க்கும் மனம். அடுத்தவன் வயலில் களை இருக்கிறதா என்று வரப்பில் நின்று பார்க்கிறவனுக்கு அறுப்புக் காலத்தில் என்ன மிஞ்சும்? வாசித்து முடித்ததும், இந்த வசனம் யாருக்குப் பொருந்தும் என்று பார்க்கும்போது நம் மனம் உடனே மைத்துனனுக்கும் மருமகளுக்கும் பக்கத்து வீட்டாருக்கும் ஓடுகிறது. அதைத் திருப்பிக் கொண்டுவந்து நம்மேல் நிறுத்தவேண்டும். அர்ச். யாகப்பர் தம் நிருபத்தின் முதல் அதிகாரத்தில், வாக்கியத்தைக் கேட்டும் அதன்படி செய்யாதவன் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துவிட்டு உடனே மறந்துபோகிறவனுக்கு ஒப்பானவன் என்கிறார். கண்ணாடியில் யாராவது பக்கத்து வீட்டுக்காரன் முகத்தைத் தேடுவார்களா?

இதை வீட்டில் செய்வது கடினமல்ல. 1969-ல் வெளியிடப்பட்ட புதிய வாசக ஒழுங்கின்படி, ஞாயிற்றுக்கிழமைச் சுவிசேஷம் மூன்று ஆண்டுச் சுற்றாக வருகிறது. சனிக்கிழமை இரவு, சாப்பாட்டுக்குப் பின், தொலைக்காட்சியையும் கைபேசியையும் அணைத்துவிட்டு, மறுநாள் சுவிசேஷத்தை ஒரு பிள்ளை மெதுவாக வாசிக்கட்டும். வாசிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு நல்ல இடத்தைக் கொடுத்து உட்காரவையுங்கள். அவர்கள் கேட்கும் கேள்வியைக் கேலி செய்யாதீர்கள். இரண்டு நிமிடம் மௌனமாயிருங்கள். பிறகு விரும்புகிறவர்கள் ஒரு வாக்கியம் சொல்லலாம். ஆனால் "எனக்கு" என்றே தொடங்கவேண்டும். "உனக்கு" என்று தொடங்கும் வாக்கியம் அன்று வேண்டாம். கடைசியில் பரலோக மந்திரமும் அருள்நிறை மந்திரமும் சொல்லி முடியுங்கள். பத்து நிமிடம் போதும். காலஞ்சென்ற பாப்பு பிரான்சிஸ் 2019-ம் ஆண்டு இதே செப்டம்பர் 30-ந் தேதியன்று, பொதுக்காலத்தின் மூன்றாம் ஞாயிற்றை இறைவார்த்தை ஞாயிறாக ஏற்படுத்தினார். அந்த ஞாயிறு வருவதற்கு முன், இந்த வழக்கம் நம் பங்கில் வேரூன்றிவிட வேண்டும் என்பது என் ஆசை.

முதல் வீட்டு அம்மாளுக்கு ஒரு வார்த்தை: உறையைப் பிரியுங்கள். அழுக்காகட்டும். வயல்வேலை செய்த கையின் ரேகை பதிந்த பக்கங்களைக் கண்டு சர்வேசுரன் அருவருக்கமாட்டார். இரண்டாம் வீட்டுத் தம்பிக்கும் ஒரு வார்த்தை: வேதாகமத்தின்மேல் உனக்குள்ள ஆவலை நான் மெச்சுகிறேன், அதைக் குறைத்துக்கொள்ளாதே. ஆனால் இன்று இரவு கொல்லைப்பக்கம் போய், உன் தாயாரைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வா. பிதாவையும் மாதாவையும் சங்கித்திருக்கக் கட்டளையிட்டதும் அதே யாத்திராகமம் 20-ம் அதிகாரம்தான். அதற்கு நீ இன்னும் கோடு போடவில்லையானால், பச்சை மையினால் போட்டுக்கொள்.

எனக்கும் ஒரு வார்த்தை உண்டு. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பிரசங்க மேடையில் ஏறுமுன், முந்தானையால் வாயை மூடிக்கொண்டு போன அந்த அம்மாளை நினைத்துக்கொள்ளவேண்டும். அவள் இப்போது இவ்வுலகில் இல்லை. அவள் மகன் திரும்பி வந்தானா என்பதை நான் அறியேன். ஆனால் பாறையென்று தெரிந்தும் விதைக்கிற ஒருவர் இருக்கிறார் என்பதை அறிவேன். அதை எனக்குக் கற்பித்தவள் அவளே.

அர்ச். எரோணிமுஸின் கையிலிருந்த கல்லை நம் ஒவ்வொருவருடைய வேதாகமத்தின் பக்கத்திலும் மனதால் வைத்துக்கொள்வோமாக. அதை எவர்மேலும் எறியாமல், என் பாவமே என்று நம் மார்பில் தட்டிக்கொண்டு புத்தகத்தைத் திறப்போமாக. கெட்டிப்பட்ட மண்ணையும் உழுது பண்படுத்த வல்லவராகிய பரிசுத்த ஆவி நம் குடும்பங்களில் விழும் விதையை முப்பதும் அறுபதும் நூறுமாகப் பலன் தரச்செய்வாராக. சர்வேசுரனுடைய ஆசீர்வாதம் உங்கள் வீட்டின்மேலும் வயலின்மேலும் களத்தின்மேலும் தங்குவதாக. ஆமென்.

கிறிஸ்துநாதருக்குள் உங்கள் ஊழியன்,
பங்குக் குரு